தொண்ணூறு டிகிரிப் பிடிவாதம்

வியன்னா நகரத்தின் கழிவுநீர் வந்து சேரும் இடம் அதன் தாழ்ந்த முனையான சிம்மரிங். அங்குள்ள சுத்திகரிப்பு நிலையத்தின் வளாகத்தில் 2023 டிசம்பரில் மூன்று ராட்சத ஹீட் பம்புகள் ஓடத் தொடங்கின. டானூப் கால்வாயில் விடவிருந்த சுத்தமான நீரை ஆறு டிகிரி அளவுக்குக் குளிர்வித்து, அதிலிருந்து எடுத்த வெப்பத்தை 90 டிகிரி வரை ஏற்றி, வீடுகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்வலைக்குள் அனுப்புகிறார்கள். திறன் 55 மெகாவாட். இது 56,000 வீடுகளுக்குப் போதும் என்கிறது வீன் எனர்ஜி நிறுவனம். 2027இல் இன்னும் மூன்று இயந்திரங்கள் சேர்ந்ததும் 110 மெகாவாட், 1,12,000 வீடுகள். ஹாம்பர்க் தன் ட்ராடனாவ் நிலையத்தில் 60 மெகாவாட்டுக்கு இறங்கியிருக்கிறது. மத்திய ஐரோப்பாவில் இன்று தன்மானமுள்ள எந்த நகராட்சியும் தன் சாக்கடைக்குள் எத்தனை மெகாவாட் ஒளிந்திருக்கிறது என்று கணக்குப் போடாமல் இருப்பதில்லை. இந்த ஆர்வத்துக்குத் துணையாக ஒரு வாதமும் புழங்குகிறது: வெப்பம் ஏற்கெனவே அங்கே கிடக்கிறது, எடுத்தால் லாபம், எடுக்காவிட்டால் ஆற்றோடு போகும், ஆகவே இதில் குறை காண ஏதுமில்லை. இந்த வாதத்தின் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி, ஒரு நகரம் தன் வெப்பத்தைப் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியையே மூடிவைக்கிறது.

குறை சொல்வதற்கு முன் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடலாம். குளிர்நாட்டு நகரம் ஒன்றில் ஹீட் பம்புக்கு இதைவிட நல்ல மூலம் அரிது. வெளிக்காற்று மைனஸ் 10க்கு இறங்கும் நாளிலும் இந்த நீர் உறைநிலைக்குப் பல டிகிரி மேலேயே இருக்கும். இயந்திரத்தின் மேல் உறைபனி படியாது. இரவும் பகலும் ஓட்டம் நிற்காது. சுத்திகரித்த பிறகு எடுப்பதால் இன்னொரு தலைவலியும் மிச்சம். நிலையத்துக்கு வரும் வழியிலேயே கழிவுநீரைக் குளிர்வித்தால் அம்மோனியாவைத் தின்னும் நுண்ணுயிர்கள் மந்தமாகிவிடும். தொட்டி நீர் 12 டிகிரிக்குக் கீழே போனால் ஜெர்மனியின் விதிகளே அம்மோனியா வரம்பை வற்புறுத்துவதில்லை. கடைசி வாசலில் எடுக்கும்போது அந்த நுண்ணுயிர்களுக்குக் கேடில்லை. இயந்திரங்களும் உழைக்கின்றன: ஸ்டாக்ஹோமின் ஹம்மர்பி நிலையம் 1986 முதல் ஹென்ரிக்ஸ்தால் சுத்திகரிப்பு நிலையத்து நீரிலிருந்து வெப்பம் எடுக்கிறது, ஏழு இயந்திரங்கள், 225 மெகாவாட். ஹெல்சின்கியில் காத்ரி வாலா பூங்காவுக்கு அடியில் 2006 முதல் ஓடும் நிலையம் இன்னும் ஒரு படி மேல். அது ஒரு பக்கம் அலுவலகங்களைக் குளிர்விக்கிறது, மறுபக்கம் வீடுகளைச் சூடாக்குகிறது. ஒரே மின்சாரத்துக்கு இரண்டு வேலை. கோடையில் அப்படி ஓடும் இயந்திரத்தின் மேல் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

என் ஆட்சேபம் எண்களில் விடுபட்டுப்போகும் ஒன்றைப் பற்றியது. மெகாவாட் சொல்கிறார்கள், வீடுகளின் எண்ணிக்கை சொல்கிறார்கள், தவிர்த்த கரியமில வாயுவை டன் கணக்கில் சொல்கிறார்கள். எத்தனை டிகிரியிலிருந்து எத்தனை டிகிரிக்கு என்பது மட்டும் அடிக்குறிப்புக்குப் போய்விடுகிறது. ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, இறைக்கிறது. இறைப்பவருக்குக் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் என்பது பாதிக் கேள்விதான்; எவ்வளவு ஆழத்திலிருந்து என்பதுதான் தோளில் தெரியும். பிரெஞ்சுப் பொறியாளர் சாதி கார்னோ 1824இலேயே இதன் எல்லையைச் சொல்லிவிட்டார். குளிர்காலத்தில் வெப்பம் எடுத்தபின் வெளியேறும் நீர் 8 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து 90க்கு ஏற்றுவதற்கு இயற்கை அனுமதிக்கும் உச்சம், ஒரு அலகு மின்சாரத்துக்கு 4.4 அலகு வெப்பம். நல்ல இயந்திரம் அந்த உச்சத்தில் 60 சதவீதத்தை எட்டுகிறது என்று தாராளமாகவே கொண்டால் கைக்கு வருவது 2.7. அதே நீர், அதே தரமான இயந்திரம், ஆனால் ஏற்ற வேண்டியது 55 டிகிரிக்குத்தான் என்றால் உச்சம் 7, கைக்கு வருவது 4.2. நூறு அலகு வெப்பத்துக்கு முதல் கணக்கில் 37 அலகு மின்சாரம், இரண்டாவதில் 24. குறைக்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ ஒரு சதவீத மின்சாரம் மிச்சம். இது எந்த ஒரு நிலையத்தின் அளவீடும் அல்ல, வெறும் பள்ளிக்கூட வெப்பவியல். ஆனால் எந்த நிலையமும் இதிலிருந்து தப்ப முடியாது.

55 மெகாவாட் திறனுள்ள ஒரு நிலையத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 90 டிகிரியில் அது 20 மெகாவாட் மின்சாரம் கேட்கும். 55 டிகிரியில் 13. நீரிலிருந்து எடுக்கும் பங்கோ முதலாவதில் 35 மெகாவாட், இரண்டாவதில் 42. ஆகவே சாக்கடையில் கிடக்கும் வெப்பம் வீணாகிறதே என்று உண்மையிலேயே கவலைப்படுகிறவர் முதலில் கேட்க வேண்டியது மறுமுனையின் வெப்பநிலையைக் குறைக்கத்தான். உயர்ந்த வெப்பநிலையில் ஓடும் நிலையம் வீடுகளுக்கு அனுப்பும் 'கழிவுநீர் வெப்பத்தில்' மூன்றில் ஒரு பங்குக்கு மேல், கம்ப்ரஸரை ஓட்டிய மின்சாரம் வெப்பமாக மாறியதுதான். அந்தப் பங்கு ஒருபோதும் சாக்கடையில் கிடந்ததில்லை.

இதைச் சராசரிக் கணக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. நிலைமை மோசமாவதே எல்லாவற்றுக்கும் மேலாக வெப்பம் தேவைப்படும் நாளில்தான். பழைய குழாய்வலைகள் வெளியே குளிர் ஏற ஏற உள்ளே அனுப்பும் நீரின் சூட்டையும் ஏற்றும்படி அமைக்கப்பட்டவை. இலையுதிர்காலத்தில் 75இல் ஓடும் வலை ஜனவரியின் கடுங்குளிரில் 90ஐத் தாண்டும். பனி உருகும் நாட்களில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடும் பழைய நகரங்களில் உருகிய பனிநீர் கலந்து கழிவுநீர் மேலும் குளிரும். காற்றும் வெயிலும் இல்லாத கடுங்குளிர் மாலைகளில்தான் மின்சாரமும் விலை ஏறி, எரிவாயு நிலையங்களிலிருந்து வரும். கிணறு ஆழமாகிறது, கயிறும் விலையேறுகிறது, எல்லாம் ஒரே மாலையில். '56,000 வீடுகள்' என்ற எண் இந்த மாலையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஆண்டு முழுதும் தரும் வெப்பத்தை ஒரு வீட்டின் ஆண்டுத் தேவையால் வகுத்தால் வரும் ஈவு அது. ஜனவரி மாலையில் அந்த வீடுகளைச் சூடாக்குவதில் பெரும்பங்கு வேறு எங்கோ எரியும் பாய்லருடையதாக இருக்கும். இந்த அலகைக் கண்டுபிடித்தவர் விளம்பரத் துறையில் இருந்திருக்க வேண்டும்.

அரசுக் கணக்கும் இந்த மறதிக்குத் துணைபோகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018ஆம் ஆண்டுப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆணை, சுற்றுப்புற ஆற்றலுக்குத் தரும் வரையறையிலேயே கழிவுநீரின் வெப்பத்தையும் சேர்த்திருக்கிறது. காற்றிலும் ஆற்றிலும் உள்ள வெப்பம் சூரியன் தந்தது. கழிவுநீரில் உள்ளதில் பெரும்பகுதி யாரோ ஒருவரின் குளியலறையில் எரிவாயுவோ மின்சாரமோ ஏற்கெனவே காய்ச்சியது. ஒருமுறை காசு கொடுத்து, புகை விட்டு வாங்கிய வெப்பம் சாக்கடை வழியாக வந்ததும் தீர்த்தமாடியது போலப் புதுப்பிக்கத்தக்கதாகிவிடுகிறது. எரித்த எரிவாயு ஒரு பேரேட்டில் இருக்கத்தான் செய்கிறது என்பார்கள், இருக்கட்டும். எனக்கு உறுத்துவது கணக்கிடும் சூத்திரம். இயந்திரம் தந்த மொத்த வெப்பத்திலிருந்து மின்சாரப் பங்கைக் கழித்து மிச்சத்தைப் புதுப்பிக்கத்தக்கது என்று எழுதிக்கொள்கிறார்கள். மின்சாரத்தில் ஓடும் இயந்திரம் இந்தக் கணக்கில் சேர, ஒரு அலகு மின்சாரத்துக்குப் பருவச் சராசரியாக 2.5 அலகு வெப்பம் தந்தால் போதும் என்று 2013இல் ஐரோப்பிய ஆணையம் சொன்னது. 2.6இல் தட்டுத்தடுமாறும் நிலையத்துக்கும் 4.2இல் ஓடும் நிலையத்துக்கும் கணக்கில் வித்தியாசம் உண்டுதான், ஆனால் சொற்பம்: நூறு அலகு வெப்பத்தில் முதலாவதற்கு 62, இரண்டாவதற்கு 76. மின்வலையின் மேல் அவை ஏற்றும் சுமை 38க்கு 24, அதாவது ஒன்றரை மடங்குக்கு மேல். சூத்திரம் மதிப்பெண் போடும் பக்கத்தில் வித்தியாசம் சிறுத்துத் தெரிகிறது, நகரம் வலி உணரும் பக்கத்தில் பெருத்துத் தெரிகிறது. எந்த நிறுவனம் எந்தப் பக்கத்தைப் பார்த்து முதலீடு செய்யும்?

இங்கே சுவீடனைச் சாட்சிக்கு அழைப்பது வழக்கம். நாற்பது ஆண்டாக ஓடுகிறதே, இனி என்ன சந்தேகம் என்பார்கள். அந்த இயந்திரங்கள் ஏன் நிறுவப்பட்டன என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் சாட்சியம் முழுமையாகும். 1973, 1979 ஆண்டுகளின் எண்ணெய் நெருக்கடிகளில் கையைச் சுட்டுக்கொண்ட நாடு அது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அடுத்தடுத்துத் தொடங்கிய அணு உலைகள் நாடு செலவழிக்க முடியாத அளவுக்கு மின்சாரத்தைக் கொட்டின. மலிவாக வழிந்த அந்த மின்சாரத்தை எண்ணெய்க்குப் பதிலாக வீட்டு வெப்பமாக்கும் வழியாகவே எண்பதுகளில் சுமார் 1,500 மெகாவாட் பெரிய ஹீட் பம்புகள் வந்தன. மின்சாரம் மலிவாக இருந்தவரை 80 டிகிரிக்கு மேல் ஏற்றுவதில் யாருக்கும் நட்டமில்லை. 1996இல் மின்சந்தை திறக்கப்பட்டது, விலை ஏற்ற இறக்கம் கண்டது. குப்பையும் மரக்கழிவும் எரிக்கும் நிலையங்கள் அடிப்படைச் சுமையைப் பிடித்துக்கொண்டன. ஹீட் பம்புகளின் பங்கு அதன்பின் சரிந்தது. இயந்திரங்கள் நன்றாகவே இருந்தன. ஆழமான கிணற்றில் இறைப்பது கட்டுப்படியாகவில்லை. இன்று வியன்னாவிலோ ஹாம்பர்க்கிலோ உபரி அணு மின்சாரம் இல்லை. சுவீடனின் முடிவை எடுத்துக்கொண்டு அதன் காரணத்தை விட்டுவிடுவது நியாயமான சாட்சியம் அல்ல.

அப்படியானால் இந்த 90 டிகிரி எங்கிருந்து வருகிறது? மனித உடம்பு கேட்பது 21 டிகிரி அறை. குழாயில் அவ்வளவு சூடு வேண்டும் என்று இயற்கை விதி எதுவுமில்லை. விடையைத் தேட வேண்டிய இடம் கட்டடத்தின் நிலவறை. குழாய்வலையின் நீர் அங்கே ஒரு வெப்பப் பரிமாற்றியில் தன் சூட்டைக் கட்டடத்தின் சொந்தச் சுற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. பக்கத்துச் சுவரில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. வெளிக்குளிர் இத்தனை என்றால் ரேடியேட்டருக்கு இத்தனை சூடு என்ற வளைகோடு அதில் பதிந்திருக்கும். பல ஆண்டுகளுக்கு முன் மேல்மாடி மூலை வீட்டுக்காரர் குளிர்கிறது என்று புகார் சொல்லியிருப்பார். அந்த ஒரு வீட்டின் ரேடியேட்டருக்குப் போகும் குழாயில் நீரோட்டம் சரியாகப் பங்கிடப்படாமல் இருந்திருக்கும். அதைச் சரிசெய்வதற்குப் பதிலாகக் கட்டடப் பராமரிப்பாளர் வளைகோட்டை ஒரு படி மேலே தள்ளிவிட்டுப் போயிருப்பார். அதன்பிறகு யாரும் அதைத் தொடுவதில்லை, புகார் வரவில்லை என்பதே அதற்குக் காரணம். கீழ்வீடுகளில் சூடு தாங்காமல் ஜன்னலைத் திறந்துவைக்கிறார்கள். எங்கோ ஒரு வால்வு அடைத்துக்கொண்டு எப்போதும் திறந்தே கிடக்கிறது, சூடு குறையாத நீர் அப்படியே திரும்பி ஓடுகிறது. இப்படி ஆயிரக்கணக்கான நிலவறைகள் சேர்ந்து ஒரு நகரத்தின் வெப்பநிலையை முடிவு செய்கின்றன. மூலை வீட்டுக் குளிருக்காக மொத்த ஊரும் கொதிக்கிறது. சுவீடன் குழாய்வலைகளில் நீர் சராசரியாக 86 டிகிரியில் போய் 47இல் திரும்புகிறது. கட்டடங்கள் ஒழுங்காக இருந்தால் இதே வேலையை வெகுவாகக் குறைந்த சூட்டில் முடிக்கலாம் என்பது அந்நாட்டுப் பொறியாளர்களே பல ஆண்டுகளாக எழுதிவருவதுதான்.

பழைய கட்டடங்கள் என்றாலே முழுதாக இடித்துப் புதுப்பித்தால்தான் குறைந்த சூடு சாத்தியம் என்ற நம்பிக்கை ஒன்று பரவலாக உண்டு. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அதைப் பழைய வீடுகளை வைத்தே சோதித்துப் பார்த்தார்கள். பல வீடுகளில் ரேடியேட்டர்கள் தேவைக்கு மேல் பெரியவை. கட்டியபோது பாதுகாப்புக்காகச் சற்றுப் பெரிதாக வைத்தார்கள், பின்னர் ஜன்னலை மாற்றினார்கள், கூரைக்கு வெப்பத்தடுப்புப் போட்டார்கள், ரேடியேட்டர் மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அவற்றை 55 டிகிரி நீரில் ஓட்டலாம்; சில கடுங்குளிர் நாட்களுக்கு மட்டும் சற்று ஏற்றினால் போதும். ஆய்வாளர் ஹென்ரிக் லுண்டும் சகாக்களும் 2014இல் நான்காம் தலைமுறைக் குழாய்வலை என்று பெயரிட்டு முன்வைத்தது இந்தக் குறைந்த சூட்டு ஏற்பாட்டைத்தான். இத்தனை தெரிந்த பிறகும் புதிய திட்டங்களின் அறிவிப்பில் 'எங்கள் இயந்திரம் 90 டிகிரியையும் எட்டும்' என்பது பெருமையாக வருகிறது. எட்டும்தான். எதற்காக எட்ட வேண்டும் என்பதே கேள்வி.

இதற்கு வரும் மறுப்புகளில் கனமானது அவசரம் பற்றியது. எரிவாயுவை இன்றே குறைக்க வேண்டும். லட்சக்கணக்கான வீடுகளைத் திருத்தி முடிக்க முப்பது ஆண்டுகள் ஆகும். அதுவரை கழிவுநீர் ஆற்றோடு ஓடிக்கொண்டிருக்க வேண்டுமா? நியாயமான கேள்வி, ஆனால் இரண்டு வேறு வேலைகளை ஒன்றாகக் கட்டுகிறது. சுவருக்கு வெப்பத்தடுப்புப் போடுவது தலைமுறை வேலை. நீரோட்டத்தைச் சமப்படுத்துவது, செத்த வால்வை மாற்றுவது, வளைகோட்டை இறக்குவது எல்லாம் ஒரு கோடைக்காலத்தில் ஒரு தெருவுக்கு முடிகிற வேலைகள். மேலும், பெரிய ஹீட் பம்ப் இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் உழைக்கும். அது எந்தச் சூட்டுக்காக வடிவமைக்கப்பட்டதோ அதையே நகரத்தின் வழக்கமாக்கிவிடும். 90 டிகிரி தருகிற இயந்திரம் வந்துவிட்ட பின், நிலவறைகளைத் திருத்தச் சொல்ல யாருக்கு அவசரம் இருக்கும்? எரிவாயு விலை ஏறியபோது வந்த கொஞ்சநஞ்ச நெருக்கடியையும் புது இயந்திரம் தணித்துவிடுகிறது. அவசரம் என்ற பெயரில் வாங்கப்படும் இயந்திரம் அவசரத்தையே போக்கிவிடுகிறது.

பொறியாளர்களின் மறுப்பு நுட்பமானது. ஹீட் பம்ப் கடைசி டிகிரி வரை ஏற்ற வேண்டியதில்லை. திரும்பி வரும் குளிர்ந்த நீரை 70 வரை சூடாக்கிவிட்டு மிச்சத்தைப் பாய்லரிடமோ குப்பை எரிக்கும் நிலையத்திடமோ விட்டுவிடலாம். இயந்திரங்களை வரிசையாக அடுக்கினால் முதல் இயந்திரம் இன்னும் குறைந்த சூட்டில் ஓடும். இது சரி, என் கணக்கின் கடுமையையும் ஓரளவு தளர்த்துகிறது. ஆனால் அந்த உத்தியின் பலன் முழுவதும் திரும்பி வரும் நீர் எவ்வளவு குளிர்ந்து வருகிறது என்பதில்தான் இருக்கிறது. 47இல் வரும் நீரில் முதல் இயந்திரத்துக்கு என்ன சலுகை கிடைக்கும்? 30இல் வந்தால் கதை வேறு. திரும்பும் நீரைக் குளிர்விப்பது இயந்திரக் கூடத்தின் கையில் இல்லை, அதே நிலவறைகளின் கையில் இருக்கிறது. தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டாலும் மூக்கு இருக்கும் இடம் மாறுவதில்லை. கடைசி இருபது டிகிரியைப் பாய்லருக்கு விட்டுக்கொடுப்பது என்றால், அந்தப் பாய்லர் ஜனவரியில் எரிவாயுவையே எரிக்கும் என்பதையும் திறப்பு விழாவில் சொல்ல வேண்டும்.

மின்சாரமே பசுமையானது, பிறகென்ன என்பது இன்னொரு பதில். சிம்மரிங் இயந்திரங்களுக்கான மின்சாரம் பக்கத்திலுள்ள ஃப்ராய்டெனாவ் நீர்மின் நிலையத்திலிருந்து வருகிறது என்கிறார்கள். அந்த நிலையம் 1998இலேயே முழுதாக இயங்கத் தொடங்கியது. ஹீட் பம்ப் வராமலிருந்தால் அதன் மின்சாரம் வேறு யாருக்கோ போயிருக்கும்; இப்போது அந்த வேறு யாருக்கோ புதிதாக எங்கிருந்தோ எடுக்க வேண்டியிருக்கிறது. கம்பியில் பெயர் எழுதி மின்சாரம் புதிதாகப் பிறப்பதில்லை. அது மட்டுமல்ல, ஆல்ப்ஸில் விழும் நீர் குளிர்காலத்தில் பனியாக உறைந்து மலையிலேயே நின்றுவிடும். டானூபில் நீர்வரத்து கோடையின் தொடக்கத்தில் பெருகி, வெப்பத் தேவை உச்சத்தில் இருக்கும் மாதங்களில் மெலிகிறது. ஆஸ்திரியா குளிர்காலத்தில் மின்சாரத்தை இறக்குமதி செய்யும் நாடு. அந்த மாதங்களில் 55க்குப் பதில் 90 டிகிரிக்கு ஏற்ற 7 மெகாவாட் கூடுதலாக எடுப்பதா வேண்டாமா என்பது அலங்காரமான கேள்வி அல்ல. எல்லைக்கு அப்பால் ஏதோ ஒரு எரிவாயு நிலையம் அதற்குப் பதில் சொல்லும்.

சுகாதாரக் காரணம் ஒன்றும் காட்டப்படுகிறது, அதை லேசாகத் தள்ளக் கூடாது. குளிக்கும் வெந்நீரில் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகாமலிருக்கச் சூடு வேண்டும். ஜெர்மன் விதி பெரிய சேமிப்புத் தொட்டியிலிருந்து வெளிவரும் நீர் 60 டிகிரியில் இருக்க வேண்டும் என்கிறது, சுற்றிவரும் குழாயில் 55க்குக் குறையக் கூடாது. ஆனால் இந்த 60 டிகிரி தேவை குளியல் நீருக்கு, ரேடியேட்டருக்கு அல்ல. குழாயில் தங்கும் நீர் மூன்று லிட்டருக்குள் இருந்தால் அதே விதி விலக்கும் தருகிறது. வீட்டுக்கு வீடு ஒரு சிறு வெப்பப் பரிமாற்றி வைத்துக் குளிக்கும் நேரத்தில் மட்டும் நீரைக் காய்ச்சினால் தொட்டியே வேண்டாம். சேமிப்பே இல்லாத இடத்தில் பாக்டீரியாவுக்குத் தங்குமிடம் ஏது? தொட்டி வேண்டும் என்பவர்கள் கட்டடத்துக்கு ஒரு சிறு ஹீட் பம்ப் வைத்துக் குளியல் நீரை மட்டும் மேலேற்றிக்கொள்ளலாம். ஒரு வீட்டின் குளியலறைக்காக மொத்தக் குழாய்வலையையும் ஆண்டு முழுதும் உச்சத்தில் வைத்திருப்பது, சுகாதாரத்தின் பெயரில் சோம்பலுக்குக் கொடுக்கும் மானியம்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத வறட்டு வாதம் என்று நினைப்பவர்கள் வான்கூவரைப் பார்க்கலாம். 2010 குளிர்கால ஒலிம்பிக் கிராமத்துக்காக ஃபால்ஸ் க்ரீக் பகுதியில் எழுந்த குடியிருப்புகளுக்கு நகராட்சி கழிவுநீரிலிருந்து வெப்பம் எடுக்கிறது. ஆண்டுத் தேவையில் ஏறத்தாழ 70 சதவீதம் அங்கிருந்து, உச்ச நாட்களுக்கு இயற்கை எரிவாயு. அங்கே முதலில் திட்டமிட்டது கட்டடங்களைத்தான். வெந்நீர் ஏற்பாட்டோடு குழாய்வலையில் சேர்வது புதுக் கட்டடங்களுக்குக் கட்டாயம் என்று விதித்த பிறகுதான் ஹீட் பம்ப். சுத்திகரிக்காத கழிவுநீர் என்பதால் வடிகட்டும் தொல்லைகளும் அதற்கு அதிகம், ஆனாலும் கட்டடம் ஒத்துழைப்பதால் ஓடுகிறது. புதுக் குடியிருப்பை வியன்னாவின் நூறு வயதான கட்டடங்களோடு ஒப்பிடுவது அநியாயம் என்று சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் பாடம் அதுதான்: முடிவு கட்டடத்தின் பக்கம் எடுக்கப்படுகிறது, சாக்கடையின் பக்கம் அல்ல.

பிறகு ஏன் எல்லோரும் சாக்கடையின் பக்கமே போகிறார்கள்? அங்கே உரிமையாளர் ஒருவர்தான். நிலையம் நகராட்சியுடையது, குழாய்வலை நகராட்சி நிறுவனத்துடையது, ஒப்பந்தப்புள்ளி ஒன்று, திறப்பு விழா ஒன்று. மறுபக்கத்தில் ஆயிரக்கணக்கான வீட்டு உரிமையாளர்கள், அவர்களுக்கு வெப்பக் கட்டணம் சுமையில்லை, அதைக் கட்டுவது வாடகைக்காரர். வால்வு மாற்றுவதில் உரிமையாளருக்கு லாபமில்லை. லாபம் கிடைக்கும் வாடகைக்காரருக்கு வால்வைத் தொட உரிமையில்லை. குழாய்வலை நிறுவனத்துக்கோ இயந்திரம் ஒரு சொத்து, நிலவறையில் சரிசெய்த வால்வு ஒரு செலவு. கணக்குப் புத்தகம் இரண்டில் எதை விரும்பும் என்பது வெளிப்படை. டென்மார்க்கின் பல குழாய்வலை நிறுவனங்கள் இந்த முடிச்சைக் கட்டணத்தால் அவிழ்த்தன: திரும்பும் நீர் நன்றாகக் குளிர்ந்து வந்தால் தள்ளுபடி, சூடாகவே திரும்பினால் கூடுதல் கட்டணம். அப்படி ஒரு பில் கைக்கு வந்ததும் யார் வேண்டுமானாலும் நிலவறைக்குள் இறங்கிப் பார்ப்பார்கள்.

வியன்னாவின் இரண்டாம் தொகுதியின் மூன்று இயந்திரங்கள் இன்னும் முழுமையாக வரவில்லை. அவற்றுக்கான பணத்தை ஒதுக்கியாகிவிட்டது, நிறுத்துங்கள் என்று சொல்வதில் பயனில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் 1,12,000 வீடுகள் என்ற எண்ணோடு வேறு இரண்டு எண்களையும் நிறுவனம் மாதாமாதம் வெளியிடலாம்: குழாய்வலைக்குள் போன நீரின் சராசரிச் சூடு, திரும்பி வந்த நீரின் சராசரிச் சூடு. இரண்டும் ஏற்கெனவே ஒவ்வொரு நிமிடமும் அவர்களுடைய கட்டுப்பாட்டு அறையில் பதிவாகின்றன, அளப்பதற்குத் தனியாக ஒரு யூரோகூட செலவில்லை. ஐந்து குளிர்காலங்களில் அந்த இரண்டு எண்களும் இறங்கினால் கழிவுநீர் ஹீட் பம்ப் பற்றி நான் இங்கே எழுதியதில் பாதியைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும். இறங்காமல் அப்படியே நின்றால், மூன்றாவது தொகுதி இயந்திரங்களுக்கான கோரிக்கையும் அதே சாக்கடை, அதே வீட்டுக் கணக்கு, அதே 90 டிகிரியோடு நகரமன்றத்தின் மேசைக்கு வரும்.